குறைந்தபட்சத் தேவைகள்

பொங்கலுக்குக் குளத்தூர் போயிருந்தபோது அக்கா மகன் ஃபோனை நீட்டினான். "மாமா, இது நம்ம லேப்டாப்ல ஓடுமா?"

திரையில் 'டூம்: த டார்க் ஏஜஸ்'. 2025 மே மாதம் வந்த கேம். பக்கத்தின் அடியில் வழக்கமான அந்தப் பட்டியல்: 16 ஜிபி ராம், 100 ஜிபி இடம், ரே டிரேசிங் தெரிந்த கிராஃபிக்ஸ் கார்டு. தலைப்பு, 'குறைந்தபட்சம்'. அவனிடம் இருப்பது நான் புதுசு வாங்கியபோது கழித்துக் கொடுத்த லேப்டாப். 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

"ஓடாதுடே."

"கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே நீங்க? ஏதாவது பண்ணுங்க."

பண்ணுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டியலை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மறுபடி மறுபடி வாசித்தேன். எந்தப் பிரதிக்கும் ஓர் உத்தேச வாசகன் உண்டு என்று விமர்சகர்கள் சொல்வார்கள். நாவல் அந்த ஆளை வரிகளுக்கு நடுவில் ஒளித்து வைக்கும். வீடியோ கேம் மட்டும்தான் நீ யார், உன்னிடம் என்ன இருக்க வேண்டும் என்று வாசலிலேயே எழுதி ஒட்டுகிறது. அப்படியென்றால் அதையும் ஒரு பிரதியாக விமர்சிக்கலாம்தானே?

என் தலைமுறைக்குத் தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2003இல் 'ஜிடிஏ: வைஸ் சிட்டி' கணினிக்கு வந்தபோது கேட்டது 128 எம்பி ராம். 2005இல் 'சான் ஆண்ட்ரியாஸ்' 256 எம்பி ராமும் 3.6 ஜிபி இடமும் கேட்டது. கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து நான் சைக்கிள் ஓட்டிய லாஸ் சாண்டோஸ் அந்த 3.6 ஜிபிக்குள்தான் இருந்தது. 2015இல் 'ஜிடிஏ 5' கணினிக்கு வந்தது: 4 ஜிபி ராம், 65 ஜிபி இடம். பத்து வருஷத்தில் ராம் 16 மடங்கு, இடம் 18 மடங்கு.

நடுவில் ஒரு விஷயம் நடந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. சித்தி மகனுக்கு வந்ததில் 2 ஜிபி ராம். தெருவில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். பென்டிரைவில் சான் ஆண்ட்ரியாஸ் வந்து இறங்கிய அன்றைக்குத் திண்ணையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியாகி ஆறேழு வருஷம் கழிந்த கேம்தான். ஆனால் யாருக்கும் அது பழசாகத் தெரியவில்லை. எங்களுக்குக் கலை எப்போதும் தாமதமாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும் என்று நம்பியிருந்தோம். ஜிடிஏ 5 அந்த லேப்டாப்புக்கு வரவே இல்லை.

இதை வைத்து 'வளர்ச்சியே தப்பு' என்று எழுதிவிடலாம். எளிது, ஆனால் பொய். 1993இல் முதல் டூம் கேட்ட 4 எம்பி ராம்கூட அன்றைக்குப் பலர் வீட்டுக் கணினியில் இல்லை. அது கேட்டதற்கு ஈடாக அதுவரை யாரும் பார்க்காத ஒன்றைக் கொடுத்தது. ரே டிரேசிங்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முன்பு ஒரு அறையில் வெளிச்சம் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சுவரில் பூசி வைப்பார்கள். விளக்கை இடம் மாற்றினால் கணக்கை மறுபடி போட வேண்டும். இப்போது கேம் ஓடும்போதே கார்டு அதைக் கணக்கிடுகிறது. கலைஞர் விளக்கை நகர்த்தினால் அப்போதே நிழலும் நகரும். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', அதற்குப் பிறகு இந்த டூம், இரண்டுமே ரே டிரேசிங்கைக் கட்டாயமாக்கியது இதனால்தான். நியாயமான காரணம். ஆனால் அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: ஸ்டூடியோவில் மிச்சமாகும் உழைப்புக்கான விலையை விளையாடுகிறவன் கார்டு வாங்கிக் கட்டுகிறான்.

இன்னொரு வகை இருக்கிறது. அதற்குக் கலைக் காரணம் எதுவும் கிடையாது. 'ஹெல்டைவர்ஸ் 2' கணினியில் சுமார் 154 ஜிபி பிடித்துக்கொண்டிருந்தது. 2025 டிசம்பரில் அதைச் சுமார் 23 ஜிபி ஆக்கினார்கள். ஒரு காட்சியும் குறையவில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் மெதுவாக வாசிக்கும் என்பதால் ஒரே தரவைப் பல இடங்களில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். பழைய மெஷின்காரர்களுக்குச் செய்த உதவி அது! பிறகு அளந்து பார்த்தபோது, நகல்களை எடுத்தாலும் காத்திருப்பது சில நொடிகள்தான் கூடியது. 'ஜிடிஏ ஆன்லைன்' கதை இன்னும் கசப்பு. வருஷக்கணக்காக அது திறக்கப் பல நிமிஷம் ஆனது. எல்லோரும் தங்கள் கணினியைத் திட்டினார்கள். 2021இல் விளையாட்டாளர் ஒருவர் உள்ளே தோண்டிப் பார்த்தார். கடைப் பொருட்களின் 10 எம்பி பட்டியல் ஒன்றை வாசிக்கும் நிரல், ஒவ்வொரு சின்ன அடிக்கும் மீதியிருக்கும் மொத்த நீளத்தையும் மறுபடி அளந்துகொண்டிருந்தது. அவருடைய திருத்தம் காத்திருப்பை 70 சதவீதம் குறைத்தது. நிறுவனம் அதை ஏற்று அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

சிரித்துவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அந்த நிரலை எழுதுகிற ஜாதிதான். ஆபீஸில் என் மெஷினில் 32 ஜிபி ராம். நாங்கள் செய்த ஒரு செயலி மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, கூட்டத்தில் "யூசர் ராம் போடட்டும்" என்று சொன்னவன் நான். சோதிக்க ஒரு பழைய மெஷின்கூட எங்களிடம் இல்லை. வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் வேகமாகக் கனத்துப்போகிறது என்று 1995இலேயே நிக்லாஸ் விர்த் எச்சரித்ததைக் கல்லூரியில் படித்தேன். பரீட்சையில் எழுதினேன். அதோடு சரி.

எங்கள் கரிசலில் மானாவாரி விவசாயம். புரட்டாசி, ஐப்பசி மழையைப் பார்த்துத்தான் கம்பா, உளுந்தா, பருத்தியா என்று அப்பா முடிவெடுப்பார். இருக்கிற ஈரத்துக்குள் விளைவதைத்தான் விதைக்க முடியும். மென்பொருள்காரன் விதையை முதலில் தூவிவிட்டு ஈரத்தை நீ கொண்டுவா என்கிறான். ராம் விலை இறங்கிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நாள் அது செல்லுபடியானது. இப்போது ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்கின்றன, விலை ஏறுகிறது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளருக்கான தன் 'க்ரூஷியல்' பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

அப்போ சின்ன கேம்கள் விளையாடட்டுமே என்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். 'ஸ்டார்டியூ வேலி'யை ஏற்றிக் கொடுத்தேன். 2016இல் வந்தது, எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் செய்தது, 2 ஜிபி ராம், 500 எம்பி இடம் போதும். அற்புதமான கேம். ஆனால் 'உனக்கு இது போதும்' என்று சொல்கிற உரிமை எனக்கு உண்டா? டூமின் ஒவ்வொரு கட்டமும் அவனுக்கு யூடியூபில் அத்துப்படி. படம் பார்க்காமல் கதை கேட்டே வளர்கிற பிள்ளை. விமர்சகனாக என் குறை டூம் மீது இல்லை. அது கேட்பதற்குக் காரணம் வைத்திருக்கிறது. காரணமில்லாமல் கேட்கிறோமே நாங்கள், எங்கள் மீதுதான். அடுத்த 'குறைந்தபட்சம்' பட்டியலை எழுதுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் நேரே 'எதற்கு?' என்று ஒருமுறை கேட்டாலே பாதி வாசல் திறக்கும்.

போன வாரம் ஃபோன் பண்ணினான். டூம் பற்றிப் பேசவில்லை. கேமில் இருக்கிற டிவி நாளைக்கு மழை என்று சொன்னால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தாத்தா கேட்டாராம்:

"நாளைக்குப் பெய்யும்னு சொன்னா, பெஞ்சிருமா? அந்த ஊரு எங்கலே இருக்கு?"