எஃகுத் தகட்டின் இலக்கணம்

குறி பார்த்துச் சுடும் கலையில் ஈடுபட்டவர்கள் துப்பாக்கியின் அமைப்பழகைப் பற்றியும், தோட்டாவின் தராதரத்தைப் பற்றியும் ஓயாமல் பேசுவார்கள். அந்தத் தோட்டா போய்ச் சேருகிற இடத்திலே நின்று, அத்தனை அடியையும் தன் முகத்திலே ஏற்றுக்கொண்டு, ஏற்ற அக்கணமே பதிலும் சொல்லுகிற எஃகுத் தகட்டைப் பற்றி வாய் திறப்பவர்கள் மிகச் சிலரே. இது நியாயமன்று. காகித இலக்கிலே சுட்டவன், சுட்டு முடித்து, துப்பாக்கியைக் காலியாக்கி வைத்துவிட்டு, நடந்துபோய்த் துளைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் தன் நிலைமையை அறிகிறான். அதற்குள் எந்தத் துளை எந்த மூச்சிலே விழுந்தது என்பது அவன் ஞாபகத்தை விட்டு நழுவிவிடுகிறது. எஃகோ காத்திருக்கச் சொல்வதில்லை. விரல் விசையை அழுத்திய விதமும் அதன் பலனும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதால், எந்தச் செய்கை எந்தப் பலனைத் தந்தது என்பது கற்பவனுடைய உடம்பிலேயே பதிந்துவிடுகிறது. இந்தச் சடுதியான பதிலே எஃகு இலக்கின் முதல் மகிமை.

ஆனால் அடியை ஏற்பது மட்டும் அதன் தர்மமாகாது. ஏற்ற அடியை ஒருவருக்கும் தீங்கில்லாமல் கரைத்துவிட வேண்டும் என்பதே அதன் பெரிய தர்மம். காகிதத்தைத் துளைத்த குண்டு பின்னாலிருக்கும் மண்மேட்டிலே அடங்கிவிடும். எஃகைத் தொட்ட குண்டு அந்த இடத்திலேயே உடைந்தாக வேண்டும். உடைந்த துண்டுகள் எங்கே போகின்றன என்பதைப் பொறுத்துத்தான் தகட்டின் நன்மையும் தீமையும் நிர்ணயமாகின்றன. நல்ல எஃகு இலக்கின் லட்சணத்தைச் சுருக்கிச் சொல்லவேண்டுமானால், முகத்திலே சிறிதும் வளைந்து கொடுக்காத கடினம், நிற்கிற நிலையிலே தாராளமாக விட்டுக்கொடுக்கிற இணக்கம், இவ்விரண்டும் ஒரே உடம்பிலே சேர்ந்திருப்பதுதான் என்பேன். மற்ற நுட்பங்களெல்லாம் இந்த ஒரு சேர்க்கையிலிருந்து பிறக்கின்றன.

முதலில் கடினத்தின் காரணத்தைப் பார்ப்போம். ஈயத்தாலான குண்டு, கடினமும் வழுவழுப்பும் உள்ள சமதளத்தின்மீது மோதும்போது, முன்னேறவும் வழியின்றித் திரும்பவும் வலுவின்றி, தகட்டின் முகத்தோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் நாற்புறமும் சிதறிப் பாய்கிறது. சுட்டவனை நோக்கித் திரும்பி வருவது மிக அற்பம். அதே குண்டு மென்மையான இரும்பிலே மோதினால் முகத்திலே ஒரு பள்ளம் விழுகிறது. அடுத்த குண்டு அந்தப் பள்ளத்திலே விழுந்தால், அதன் சரிந்த சுவர்கள் உடைந்த ஈயத்தை வளைத்து, வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. கட்டடம் கட்ட உதவும் சாதாரண இரும்புத் தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வெட்டி இலக்காக நிறுத்துபவர்கள், நாளடைவில் தங்களை நோக்கிச் சுடக்கூடிய ஒரு சாதனத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்ளுகிறார்கள். குழி விழுந்த தகட்டை எவ்வளவு ஆசையோடு வாங்கியிருந்தாலும் தயங்காமல் ஒதுக்கிவிடவேண்டும் என்பது இந்தத் துறையின் ஆதி விதிகளுள் ஒன்று.

கடினத்தை அளக்க ஸ்வீடன் தேசத்து இன்ஜினீயர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்த முறை இன்றும் நிலைத்திருக்கிறது. 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டையை 3,000 கிலோ பளுவால் உலோகத்தின்மீது அழுத்தி, அது உண்டாக்குகிற வட்டமான தடத்தின் அகலத்தை அளந்து, அதிலிருந்து கடினத்துக்கு ஓர் எண் கணிப்பார்கள். சாதாரண மென்னெஃகின் எண் 120 அளவிலே நிற்கும்; அதன்மீது விழும் தடம் ஏறக்குறைய 5.4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இலக்குகளுக்கென்று எல்லோரும் தேடுகிற 'ஏ.ஆர். 500' என்ற எஃகின் எண் 500ஐ ஒட்டியது. அதன்மீது விழும் தடம் மென்னெஃகின் தடத்தில் பாதிதான். இந்த எஃகு துப்பாக்கிக்காரர்களுக்காகப் பிறந்ததன்று. சுரங்கங்களிலே பாறையைச் சுமக்கும் லாரிகளின் தொட்டிகளுக்கும், தாதுக்கல் சரிந்து ஓடும் சரிவுப் பாதைகளுக்கும், மண்வெட்டும் இயந்திரங்களின் வாளிகளுக்கும் தேய்மானத்தைத் தாங்குவதற்காக உண்டாக்கப்பட்டது. கல்லின் உராய்வை வருஷக்கணக்கில் சகித்துக்கொள்ளுகிற அந்தப் பொறுமையே ஈயத்தின் மோதலையும் சகிப்பதற்கு அதைத் தகுதியாக்கிற்று.

இந்தக் கடினம் எஃகுக்கு நெருப்பினாலும் நீரினாலும் வருவது. சிவக்கக் காய்ச்சி, சடுதியிலே குளிரவைத்து, மறுபடியும் அளவான சூட்டிலே பதம்செய்து பெற்ற குணம் அது. அளவு தெரியாத நெருப்பு மீண்டும் தொட்டால் வந்த வழியே போய்விடும். ஆகையால் தகட்டை எப்படி வெட்டினார்கள் என்று கேட்பது, தகடு என்ன ஜாதி என்று கேட்பதற்குச் சமமான கேள்வி. வாயுச் சுவாலையால் வெட்டினால் ஓரத்தை ஒட்டி அகலமானதொரு பட்டை மென்மையாகிவிடும். பிளாஸ்மா வெட்டிலே அந்தப் பட்டை குறுகும். லேசர் வெட்டிலே இன்னும் குறுகும். அதிக அழுத்தத்தில் பாயும் நீரால் வெட்டினால் சூட்டின் தோஷம் ஓரத்தைத் தீண்டுவதேயில்லை. தகட்டின் முதுகிலே கொக்கியைப் பற்றவைப்பது இன்னும் பெரிய தவறு. பற்றவைத்த இடத்துக்கு நேர் எதிரே, முகத்தின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்மை உண்டாகி, முதற் பள்ளம் அங்கேதான் விழும். விஷயம் அறிந்த கைவினைஞர்கள் தகட்டிலே ஒரு சதுரத் துளையை மட்டும் விட்டு, உருண்டைத் தலையுள்ள ஒற்றைப் போல்ட்டால் அதைத் தாங்குகிறார்கள். அந்த உருண்டைத் தலையிலே குண்டு பட்டாலும், துண்டுகளைச் சுட்டவன் பக்கம் திருப்பிவிடும் மூலையோ முனையோ அதிலே இல்லை.

இனி இணக்கத்துக்கு வருவோம். முகம் எவ்வளவு கடினமானாலும், தகட்டை நெட்டுக்குத்தாக, அசையாதபடி இறுகப் பிணித்து நிறுத்தினால் காரியம் கெட்டுப்போகும். மேல்விளிம்பு சுடுபவன் பக்கம் சாய்ந்து, முகம் தரையைப் பார்க்கும்படி, ஏறக்குறைய 20 பாகை சரிவாகத் தொங்கவிடுவது சிறந்த மரபு. முகத்தோடு ஒட்டிப் பாய்கிற ஈயத்தில் சுட்டவன் பக்கம் வரக்கூடிய பங்கு இந்தச் சரிவினால் தரைக்கு இறங்கிவிடுகிறது. மிருதுவான மணல் அதை விழுங்கிக்கொள்ளுகிறது. தொங்குகிற தகடு அடிபட்டதும் ஊஞ்சலைப்போல் பின்வாங்கிக் குண்டின் வேகத்தில் ஒரு பங்கைத் தன் அசைவிலே செலவழித்துவிடுவதால், போல்ட்டுக்கும் தாங்கிக்கும் ஆயுள் நீளுகிறது. சங்கிலியைக் காட்டிலும் தடித்த ரப்பர்ப் பட்டையிலே தொங்கவிடுவதைச் சிலர் விரும்புகிறார்கள். பட்டையிலே குண்டு பட்டால் துளைத்துக்கொண்டு போய்விடும், சங்கிலியின் கண்ணியிலே பட்டால் எந்தத் திக்கிலே தெறிக்கும் என்று சொல்லமுடியாது என்பது அவர்கள் கூறும் காரணம். தாங்கிக் கால்களை மரத்தாலேயே செய்வதும் இந்த விவேகத்தைச் சேர்ந்ததுதான். தவறின குண்டு மரத்திலே புதைந்து அடங்கும். உடைந்த மரத்துக்கு மாற்றுச் சுலபமாகக் கிடைக்கும்.

தடிப்பும் தூரமும் குண்டின் வேகத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியவை. கைத்துப்பாக்கிக்கு 3/8 அங்குலத் தகடு போதும். ரைபிளுக்கு 1/2 அங்குலம் வைத்துக்கொள்வது உசிதம். கைத்துப்பாக்கிக்காரன் தகட்டிலிருந்து குறைந்தது 10 கெஜமும், ரைபிள்காரன் 100 கெஜமும் விலகி நிற்க வேண்டும் என்று பயிற்சிக்களங்களிலே பொதுவாகச் சொல்லுவார்கள். போட்டிகளை நடத்தும் சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு, கைத்துப்பாக்கிப் போட்டிகளில் உலோக இலக்குக்கும் போட்டியாளனுக்கும் இடையே 7 மீட்டருக்குக் குறையலாகாது என்று விதித்திருக்கிறது. விநாடிக்கு 3,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தோடு வந்து மோதும் குண்டு, கடின எஃகிலும் குழி பறித்துவிடும். ஆகையால் தூரம் என்பது மனிதனுக்கு மட்டுமின்றித் தகட்டுக்கும் பாதுகாப்பு. எஃகு உள்ளீடு வைத்த குண்டுகளை எஃகுத் தகட்டின்மீது ஒருபோதும் ஏவலாகாது. சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தைக் குண்டின் நுனியிலே வைத்துப் பார்த்து, ஒட்டுமானால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிட வேண்டும். சுடுபவனோடு பார்க்க வந்தவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது, ஒருவரும் தகட்டுக்குப் பக்கவாட்டிலே நில்லாதிருப்பது, பயிற்சி முடிந்ததும் ஈயத்தூள் படிந்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடாதிருப்பது ஆகியவற்றை இக்கலையின் ஆசாரங்களாகவே கொள்ளவேண்டும்.

எஃகு இலக்கைக் கலையாக உயர்த்திய பெருமை மெக்சிகோ தேசத்துக்கு உரியது. அங்கே முற்காலத்தில் உயிருள்ள பிராணிகளைத் தூரத்திலே கட்டிவைத்துக் குறி பார்க்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கொடுமைக்குப் பதிலாக, 1948ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரத்தைச் சேர்ந்த டான் கொன்சாலோ அகிலார் என்பவர் பிராணிகளின் வடிவத்திலே வெட்டிய உலோகத் தகடுகளை நிறுத்திப் போட்டி நடத்தினார். கோழி 200 மீட்டரிலும், காட்டுப்பன்றி 300 மீட்டரிலும், வான்கோழி 385 மீட்டரிலும், ஆட்டுக்கிடாய் 500 மீட்டரிலும் நிற்கும். போட்டியாளன் எதன்மீதும் சாராமல் நின்றபடியே, தோள்வாரின் உதவியுமின்றி, இடமிருந்து வலமாக வரிசை தப்பாமல், ஒரே பிராணியின் ஐந்து உருவங்களுக்கு ஐந்து குண்டுகளை இரண்டரை நிமிஷத்தில் சுட வேண்டும். 'லிஸ்டோ' (தயார்), 'ஃபுவேகோ' (சுடு), 'ஆல்டோ' (நிறுத்து) என்ற ஸ்பானியக் கட்டளைகள், 1973இல் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது தேசியப் போட்டியாக வளர்ந்த பின்னும் மாறாமல் வழங்கி வருகின்றன. சிறிய .22 ரைபிளுக்கென்று இதே ஆட்டத்தை வகுத்தவர்கள் உருவத்தையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் ஐந்திலொன்றாகச் சுருக்கி, 40, 60, 77, 100 மீட்டர்கள் என்று அமைத்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற உருவத்தின் அளவு இரண்டு ஆட்டங்களிலும் ஒன்றே என்ற இந்த ஒழுங்கை நினைக்கும்தோறும் எனக்கு ஆனந்தமாயிருக்கிறது.

இந்த ஆட்டத்தின் உயிர்நிலை ஒரு சிறிய விதியிலே இருக்கிறது: உருவம் பீடத்தை விட்டு விழுந்தால்தான் கணக்கு. பட்டு ஒலித்தாலும், பட்டுத் திரும்பி நின்றாலும், விழவில்லையென்றால் எண் இல்லை. 500 மீட்டரிலே கிடாயைச் சுட்டவன் முதலில் அது அசைந்து சாய்வதைக் காண்கிறான். ஒலி அத்தனை தூரம் திரும்பி வர ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகிறது. கண் முந்தி அறிந்ததைக் காது பிந்தி உறுதிப்படுத்துகிற அந்த இடைவேளையிலே உண்டாகிற பரவசம், அனுபவித்தவர்கள் எளிதில் விடமுடியாத ஒன்று. நான்கிலும் வான்கோழியே கடினம் என்பது பெரும்பாலோர் தீர்ப்பு. மெல்லிய கழுத்தும் கால்களும் குறிக்கு இடம் கொடுப்பதில்லை.

கைத்துப்பாக்கிப் போட்டிகளிலும் விழுகிற எஃகுக்குத் தனி ஸ்தானம் உண்டு. 1979இல் தொடங்கிய பியாங்கி கோப்பையில், ஒரே வரிசையிலே நிற்கும் எட்டங்குல வட்டத் தகடுகள் ஆறை, 10, 15, 20, 25 கெஜங்களிலிருந்து முறையே 6, 7, 8, 9 விநாடிகளுக்குள் வீழ்த்த வேண்டும். 1981இல் கலிபோர்னியாவில் பிறந்த ஸ்டீல் சாலெஞ்சிலோ வேகமே சகலமும். ஐந்து தகடுகளில் கடைசித் தகட்டைத் தொட்டதும் கடிகாரம் நிற்கிறது. நடைமுறைச் சுடுதலில் வழங்கும் பாப்பர் என்ற சாயும் இலக்கைப் பற்றிய விதியிலே நீதிசாஸ்திரமே அடங்கியிருக்கிறது. சரியாகப் பட்டும் விழவில்லை என்று போட்டியாளன் முறையிட்டால், அதிகாரி அளவிட்ட தோட்டாவைக் கொண்டு அவன் சுட்ட இடத்திலிருந்தே அதைச் சுட்டுப் பார்ப்பார். உரிய பகுதியிலே பட்டு விழுந்தால் தவறு மனிதனுடையது. விழாமற்போனால் தவறு இலக்கினுடையது என்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் சுட அவனுக்கு அனுமதி அளிப்பார்கள். இலக்கும் பரீட்சைக்கு உட்பட்டது என்ற இந்த நேர்மை மிகவும் போற்றத்தக்கது.

வெள்ளை வண்ணம் பூசிய தகட்டைச் சில குண்டுகளுக்குப் பிறகு அருகே சென்று பார்த்தால், எஃகு எழுதிவைத்திருக்கிற குறிப்பு விளங்கும். குண்டு பட்ட நடுவிலே வண்ணம் உரிந்து சாம்பல் நிற வட்டம் தெரியும். அதைச் சுற்றி ஈயம் இழுத்த நுண்ணிய கீற்றுக்கள் சமமாக எல்லாப் பக்கமும் ஓடியிருக்கும். கையால் தடவினால் மேடு பள்ளம் தட்டுப்படாது. கீற்றுக்கள் சமமாக இருந்தால் முகம் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். நகம் இடறுகிற பள்ளமோ, ஓரத்திலே உப்பலோ தென்பட்டால் அந்தத் தகட்டின் சேவை முடிந்துவிட்டது. அடிகள் சேரச் சேரத் தகடு சிறிது வளைவதும் இயற்கை. அப்போது முன்பின்னாகத் திருப்பித் தொங்கவிட்டால் வளைவு மறுபடி நிமிரும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் அதன் எல்லையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எஃகு 'பட்டது' என்று சொல்லுமேயன்றி, தகட்டின் நடுவிலா ஓரத்திலா என்று தன் ஒலியால் சொல்லாது. ஒலியிலே மயங்கினவன், எல்லாக் குண்டும் இடப்புற விளிம்பிலே பட்டுக்கொண்டிருந்தாலும் தன்னைத் தேர்ந்தவனாக எண்ணிக்கொள்ளக்கூடும். ஆகவே குறையைக் கண்டுபிடிக்கக் காகிதமும், திருந்திய செய்கையை உடம்பிலே நிலைநிறுத்த எஃகும் என்று முறைவைத்துப் பழகுவதே உத்தமம். வண்ணம் தீட்டும் டப்பா ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் முகத்தைப் புதுப்பிப்பவனுக்கு எஃகும் காகிதத்தின் பணியில் ஒரு பாதியைச் செய்துகொடுக்கும்.

கையிலுள்ள பணம் கொஞ்சமானால், அகலமான மென்தகட்டைக் காட்டிலும் சிறியதாயினும் கடினமான ஒரு தகட்டை வாங்குவதே புத்திசாலித்தனம். சிறிய தகடு குறியையும் கூர்மையாக்கும். விற்பவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: இதன் கடினம் எவ்வளவு, இதை எதனால் வெட்டினீர்கள், இதை எப்படித் தொங்கவிட வேண்டும்? இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் விடை சொல்லுகிறவரிடம் விலையைப் பற்றிப் பேசலாம். தடுமாறுகிறவர் இலவசமாகவே கொடுத்தாலும் அந்தத் தகட்டின் எதிரே ஒருவரையும் நிறுத்தலாகாது.