எட்டாத மூலையின் மெருகு

இரண்டு எவர்சில்வர் குழாய்கள் சேரும் உள்மூலையில் நிற்கும் வெல்டிங் மேட்டைச் சீராக்க, பற்றவைப்பதைவிட அதிகப் பொறுமை வேண்டும். 4 அங்குல கிரைண்டர் வட்டு அங்கே நுழையாது. திணித்தால் பக்கத்துக் குழாயில் பள்ளம் விழும். டை கிரைண்டரில் மாட்டிய, உருண்டை முனையுள்ள கார்பைடு பர் என்ற சுழல்வெட்டிதான் அந்த இடத்துக்கு ஏற்றது. அதை அழுத்தாமல், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் குழி தோண்டிவிடும். அடுத்து விரல் அகலமே உள்ள பெல்ட் சாண்டர். அதுவும் எட்டாத இடத்தில் அரைவட்ட அரமும் குச்சியில் சுற்றிய எமரித்தாளும். தொழிலாளியின் கைநேர்த்தி முழுதும் வெளிப்படுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

இரும்பில் தேய்த்த தாளை எவர்சில்வரில் தேய்க்கக் கூடாது. ஒட்டிக்கொண்ட இரும்புத்துகள் பிறகு துருப்பிடிக்கும். மேட்டை முழுக்க வழித்துவிடுவதும் தவறு, மூலைப் பற்றவைப்பின் வலிமை அதன் கனத்தில் இருக்கிறது.

பாலங்களிலும் கப்பல்களிலும் இந்தத் தேய்ப்பு உயிர்காக்கும் வேலை. மாறிமாறி வரும் சுமையில் விரிசல் பெரும்பாலும் பற்றவைப்பு தகட்டைத் தொடும் ஓரத்தில் தொடங்கும். பற்றவைக்கும்போது அங்கே விழுந்த, கண்ணுக்குத் தெரியும் வெட்டுக்கும் கீழே குறைந்தது 0.5 மி.மீ. வரை அந்த ஓரத்தைப் பர் கொண்டு வழுவழுப்பாக்கினால் இணைப்பின் ஆயுள் கூடும். பர் உதிர்க்கும் சிலும்புகள் ஊசி போன்றவை. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.