புட்டியில் அடைத்த 'தூய்மை'

குழாய் நீரைவிடப் புட்டி நீரே தூயது என விளம்பரங்கள் கூறுகின்றன. உண்மையா? 2004இல் கொக்கோ கோலா நிறுவனம் பிரிட்டனில் 'டசானி' நீரைத் தூய நீர் என்று விற்றது. அது லண்டனின் சிட்கப்பில் பிடித்த குழாய் நீரே! அதை வடிகட்டி, கால்சியம் குளோரைடு சேர்த்து, ஓசோன் செலுத்தினர். கால்சியம் குளோரைடில் கலந்திருந்த புரோமைடை ஓசோன் புரோமேட்டாக மாற்றியது. இது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள். அதன் அளவு சட்ட வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை மீறவே, ஏறத்தாழ 5 லட்சம் புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. நல்ல குழாய் நீர், 'தூய்மை' செய்த பிறகே கெட்டது!

நீர் நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெட்ரோலியத்திலிருந்து செய்த பிளாஸ்டிக் புட்டியோ மட்காமல், நுண்துகள்களாகி மண்ணிலும் கடலிலும் தங்கும். 'தூயது' என்பது விற்பவர் சொல். எந்தப் பொருள், எவ்வளவு என்று கேட்பதே அறிவியல். நீங்களும் கேளுங்கள்.