பதிப்புப் பிழையும் ஆராய்ச்சி வளர்ச்சியும்

நன்னூலார் நூலுக்குரிய அழகு பத்தென எண்ணிக் காட்டியதோடு நில்லாது, குற்றமும் பத்தென எண்ணிக் காட்டினார். குற்றத்தை இனங்கண்டு வகைப்படுத்துதலும் கல்வியின் ஒரு கூறு என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், இலக்கிய வரலாறு எழுதுவோருட் சிலர் அறிஞர்தம் வெற்றிகளையே விரித்துரைத்து, அவர் தவறிய இடங்களை மூடி மறைக்கின்றனர். வேறு சிலர் அவ்விடங்களையே எடுத்துக்காட்டி எள்ளி நகையாடுகின்றனர். இவ்விரண்டும் ஆராய்ச்சிக்கு ஆகா. பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏறிய வரலாற்றை நோக்கின், முன்னோர் செய்த பிழைகள் பின்னோர்தம் ஆராய்ச்சிக்கு வாயிலாக அமைந்தமை புலனாகும். இதனைச் சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகிய இருவர்தம் பணிகொண்டு ஆராய்வாம்.

ஏட்டைப் பற்றிப் பேசத் தொடங்கின், மாத்தளை மாவட்டத்தினராகிய நமக்கு அலுவிகாரை நினைவுக்கு வருதல் இயல்பு. செவிவழியே போற்றப்பட்டு வந்த பாளி மறைநூல்கள், கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், இங்குதான் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. நினைவை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்னும் எண்ணமே அப்பெரும் பணிக்கு அடிப்படை. அவ்விகாரையின் ஏட்டுச் செல்வம் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிவுற்றது. ஏடு அழியுந் தன்மையது; ஆதலின் அதனைப் படியெடுத்தல் வேண்டும். படியெடுக்குந்தோறும் புதுப் பிழை புகும். ஏட்டுக் கல்வி எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இவ்விடர் உண்டு.

தமிழேட்டில் இவ்விடர் மிகுதி. எழுத்தாணியால் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடார். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்படும். ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். 'எரி' என்பதோ 'ஏரி' என்பதோ, 'கொல்' என்பதோ 'கோல்' என்பதோ, இடம் நோக்கியே துணிதல் வேண்டும். அங்ஙனம் துணிவதற்கு யாப்பும் உரைமரபும் பிறநூற் பயிற்சியும் வேண்டப்படும். எனவே, ஓர் எழுத்தின் ஐயம் தீர்த்தற்கு ஒரு நூலகமே கற்கவேண்டிய நிலை பதிப்பாசிரியனுக்கு ஏற்படுகின்றது.

ஐரோப்பாவிற் கிரேக்க, இலத்தீன் நூல்களைப் பதிப்பித்தோர் இப்பிழைகளைக் கொண்டே ஒரு முறையை வகுத்தனர். செருமானிய அறிஞர் இலாக்மனின் பெயரோடு அம்முறை சேர்த்துப் பேசப்படும். இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்திருப்பின், அவ்வொற்றுமையால் அவற்றின் உறவு விளங்காது; ஏனெனில், உண்மைப் பாடம் எல்லாக் கிளையிலும் நிலைத்தல் கூடும். தற்செயலாக நேரமுடியாத ஒரே பிழையில் அவை ஒத்திருப்பின், இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை எனத் துணியலாம். ஏடுகளின் குலமுறை இவ்வாறு பிழையினாலே அறியப்படுகின்றது. பிழையைத் திருத்தியவுடன் அழித்துவிடாது, 'பிரதிபேதம்' என அடிக்குறிப்பிற் காட்டிய ஐயர்தம் நெறியின் சிறப்பும் இதனால் விளங்கும்.

இனித் தாமோதரம்பிள்ளையின் பணியை நோக்குவோம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் தோன்றிய இவர், வீரசோழியம், இறையனார் அகப்பொருள், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றினார். தொட்டால் ஒடியும் ஏடுகளோடு தாம் பட்ட பாட்டைத் தம் பதிப்புரையில் உருக்கமாக எழுதியுள்ளார். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை வெளியிட்டபோது, ஒன்பது இயல்களுக்கும் உரிய உரை நச்சினார்க்கினியருடையதே எனக் கொண்டு பதிப்பித்தார். மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதனைப் பின்னர் ரா. இராகவையங்கார் மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் 'செந்தமிழ்' இதழில் எடுத்துக்காட்டினார். அவர் கூற்றை ஆராய்ச்சியுலகம் ஏற்றுக்கொண்டது. செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் பின்னர்த் தனியே கிடைத்து அச்சேறிற்று.

ஈண்டுக் கருதத்தக்கது யாது? பேராசிரியர் உரை ஏட்டில் மறைந்து கிடந்தவரை அதன் ஆசிரியர் யாவர் என்னும் வினாவே பலர்க்கு எழவில்லை. பிறிதொருவர் பெயரிலேனும் அஃது அச்சேறிப் பல அறிஞர் கைக்கு எட்டியபின்னரே, முன்னுள்ள இயல்களின் உரையோடு ஒப்பிட்டு நோக்குதல் எளிதாயிற்று. தவறாக வெளிவந்த பதிப்பே அத்தவறு திருந்துதற்குரிய கருவியையும் தந்தது. பிழை நேருமென்று அஞ்சிப் பிள்ளையவர்கள் அவ்வேட்டைப் பெட்டியில் வைத்திருப்பரேல், பேராசிரியரை நாம் கண்டுகொள்ளுங் காலம் இன்னும் நீண்டிருக்கும்.

பிழையெனப் பட்டதெல்லாம் பிழையாதலும் இல்லை. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த பிள்ளையவர்கள் அந்நூல் முழுவதையும் நல்லந்துவனார் ஒருவர்க்கே உரியதாகக் கொண்டார். பின்னர் இ. வை. அனந்தராமையர் 1925இல் வெளியிடத் தொடங்கிய பதிப்பில், ஐங்கலியையும் புலவர் ஐவர்க்குரியனவாகக் கொண்டார். அக்கொள்கையே பெருவழக்காயினும், நூல் ஒருவராற் பாடப்பட்டதே என்று வாதித்த அறிஞரும் பின்னர்த் தோன்றினர். எனவே, ஒருவர் கூற்றைப் பிழையென ஒதுக்குமுன் அதன் காரணத்தை எடைபோடுதல் திறனாய்வாளர் கடன்.

சாமிநாதையர் வரலாறு பிறிதொரு வகையில் நமக்குப் பயன்படும். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், இளைஞராகிய ஐயரிடம் அவர் கற்ற நூல்களைக் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என நீண்ட பட்டியல் முதலியாரைக் கவரவில்லை. பழைய நூல்களைப் பற்றி அவர் வினவியபோது ஐயர் தம் கல்வியின் எல்லையை உணர்ந்தார். அறியாமை வெளிப்பட்ட அந்நாளை ஐயர் மறைக்கவில்லை. 1940 முதல் 'ஆனந்த விகட'னில் வெளிவந்த 'என் சரித்திர'த்தில் விரிவாகவே எழுதினார். சமண நூலாகிய சீவகசிந்தாமணியின் கருத்துகள் விளங்காதபோது, அவ்வூர்ச் சமணரிடம் சென்று மாணவராய் அமர்ந்து கேட்டார்.

சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. அதிற் குறை கூறியோரும் இருந்தனர். மறுப்பெழுதி வாதிடுவதில் ஐயர்தம் காலம் கழிதலை உடன்பணியாற்றிய சாது சேஷையர் விரும்பாது தடுத்தார். ஐயரும் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பித்துச் சென்றார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இலும் மூன்றாம் பதிப்பு 1922இலும் வெளிவந்தன. இடைப்பட்ட ஆண்டுகளிற் சங்க நூல்களில் அவர் பெற்ற பயிற்சி அப்பதிப்புகளிற் பயன்பட்டது. நியாயமான குற்றச்சாட்டுக்குத் திருந்திய பதிப்பைவிடச் சிறந்த விடை வேறு யாதுளது?

பிழையைப் போற்றுமாறு யாம் கூறுகின்றோம் எனக் கொள்ளற்க. ஒப்புநோக்காது விரைந்து அச்சிடுவோன் செய்யும் பிழை எவர்க்கும் பயன்படாது. அது படிப்போனை மயக்குவதொன்றே செய்யும். இருபெரியார்தம் பிழைகளும் பயன்பட்டமைக்குக் காரணங்கள் மூன்று: தம்மால் இயன்ற முழுமுயற்சிக்குப் பின்னரே அவர் தவறினர், தம் கருவிகளைப் பிறர் காண வெளியிட்டனர், திருத்துவோர்க்கு இடம் இருந்தது. இவற்றுள் ஒன்று குறையினும் பிழை பிழையாகவே நின்றுவிடும். தாமோதரம்பிள்ளை ஈழத்தவர் என்னும் பற்றினால் அவர் தவறியதை மறைப்போர், அவர் உழைப்பின் பயனையும் உடன் மறைக்கின்றனர்.

இவ்வுண்மை நம் மாணவர்க்கும் உரியது. மலையகத் தோட்டங்களில் முதியோர் பாடும் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். இன்னும் எழுதப்படாத பாடல்கள் நம் மாவட்டத் தோட்டங்களில் இருத்தல் கூடும். அவற்றை எழுதிக்கொள்ளும் மாணவன், இலக்கணத்துக்கு மாறான சொல்லைக் கண்டவுடன் திருத்திவிடுதல் கூடாது. அவன் பிழையெனக் கருதுவது ஓர் ஊரின் வழக்காகவோ, ஒரு குடிப்பெயர்ச்சியின் சுவடாகவோ இருக்கலாம். கேட்டவாறு எழுதித் தன் கருத்தை அடிக்குறிப்பில் வைக்கட்டும். ஆசிரியரும் மாணவர்தம் கட்டுரையிற் சிவப்பு மையாற் கோடிடுவதோடு அமையாது, அவர் அவ்வாறு எழுதியதற்குரிய காரணத்தை வினவித் தெளிவாராக. திருத்தப்பட்ட பழைய தாளையும் மாணவன் கிழித்தெறியாது புதிய தாளுடன் வைத்துக்கொள்வானாயின், தன் அறிவு வளர்ந்த வழியைத் தானே காண்பான்.