மாத்திரை விழுங்காதவள்

செவிலியர் மருந்தியல் பாடத்தில் எல்லா மருந்துக்கும் ஒரே வரிசைதான்: எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு கொடுக்க வேண்டும், பக்கவிளைவு என்ன, செவிலியரின் பொறுப்பு என்ன. இரும்புச்சத்து மாத்திரைக்கு வரும்போது கடைசித் தலைப்பின் கீழ், தவறாமல் உட்கொள்ளும்படி நோயாளிக்கு அறிவுரை கூற வேண்டும் என்று ஒரு வரி வரும். தர்மபுரி மாவட்டத்தில் நர்சிங் மாணவிகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். அந்த ஒரு வரியைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பார்வைக்கு எளிய வரி. ஆனால் வார்டுக்குப் போகும் மாணவியின் குறிப்பேட்டில் அது "மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை" என்று மாறிவிடுகிறது. அத்தோடு காரணம் தேடும் வேலையும் முடிந்துவிடுகிறது. அவளுக்கு மறதி, அலட்சியம், அறியாமை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினர். கர்ப்ப காலத்தில் 180 நாள் மாத்திரை சாப்பிட்டவர்கள் நாடு முழுவதும் 26 விழுக்காட்டினர் மட்டுமே. நான்கில் மூன்று பெண்களால் முடியாத ஒன்றை மறதி என்று எப்படிச் சொல்வது?

விடை அதே பாடத்தில் இருக்கிறது, வேறு தலைப்பின் கீழ். வெறும் வயிற்றில் எடுத்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் குமட்டும். டீ, காபி, பால் உறிஞ்சுதலைக் குறைக்கும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து எடுக்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுக்கும், இறுகும்.

இதை இங்குள்ள ஒரு பெண்ணின் நாளோடு வைத்துப் படித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து ஒரு டம்ளர் டீயோடு வேலைக்குக் கிளம்புகிறாள். முதல் சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான். காட்டு வேலையிலும் நூறு நாள் வேலையிலும் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். அவளுக்கு மலச்சிக்கல் என்பது பக்கவிளைவுப் பட்டியலில் நான்காவது வரி அல்ல. ஒரு பகல் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும் வலி. சாப்பாடு கேழ்வரகுக் களி. அதில் சத்து உண்டு, கூடவே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட்டும் டானினும் உண்டு. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். தானியத்தை முளைகட்டினால் பைட்டேட் குறையும். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே பையில் அவள் கைக்கு வருகின்றன. எதை எப்போது என்று நிதானமாகச் சொல்ல, நெரிசலான கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் யாருக்கும் நேரமில்லை.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு நோயும் பழக்கம். நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் பற்கள் பழுப்பாயின, எலும்புகள் வளைந்தன. அப்போது மக்களின் அலட்சியத்தைக் காரணமாக எழுதிவிட்டு அரசு நிற்கவில்லை. காரணம் தண்ணீரில் இருக்கிறது என்று ஏற்று, காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டது. 2013-இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. ஃப்ளோரைடுக்குக் காரணத்தை வெளியே தேடிய நாம், இரத்தசோகைக்கு மட்டும் பெண்ணுக்குள்ளேயே தேடுகிறோம். அவள் கடைசியாகச் சாப்பிடுவதும், இடைவெளியின்றிப் பிள்ளை பெறுவதும் மருந்தியலின் கண்ணில் படுவதில்லை.

மாதவிடாயும் அப்படித்தான். இரும்பு எவ்வளவு உள்ளே போகிறது என்று கேட்கும் பாடம், இரத்தம் எவ்வளவு வெளியே போகிறது என்று கேட்பதில்லை. அந்தச் செய்தி இரத்த உறைவு மருந்துகளின் கீழ், டிரானெக்சாமிக் அமிலத்தில் இருக்கிறது: அதிக உதிரப்போக்கைக் குறைக்கும், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்க நாம் சொல்லித்தருவதில்லை. அதனால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கும் பெண்ணிடம் "எத்தனை நாள் போகுது, எத்தனை துணி மாத்தறீங்க, கட்டிகட்டியா வருதாக்கா?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த மருந்தை 1962-இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தவர் உடாகோ. பிரசவத்துக்குப் பின் வரும் பெரும்போக்கில் இது உயிர் காக்குமா என்று 21 நாடுகளில் சுமார் 20,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் வரும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதற்கு முந்தைய ஆண்டே உடாகோ இறந்துவிட்டார். மூன்று மணி நேரம் என்பதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யலாம். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ பிரசவித்தவளுக்கு அது சாலையும் வண்டியும்.

நோய் எதிர்ப்புப் பாடத்தில் ஆன்டி-டி ஊசி வருகிறது. ஆர்ஹெச் நெகட்டிவ் தாய் பாசிட்டிவ் குழந்தை பெற்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அப்போதுதான் அவள் உடல் அடுத்த கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்காது. கருச்சிதைவுக்கும் கருக்கலைப்புக்கும் பிறகும் இந்த ஊசி தேவைப்படும் என்பதைப் பாடம் போகிற போக்கில் சொல்கிறது. கருவின் பாலினம் பார்த்துச் சொன்ன கும்பல்கள் பிடிபடும் செய்திகள் வரும் மாவட்டம் இது. பெண்சிசுக் கொலைக்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த மாவட்டம். ஒளிவில் கருக்கலைப்புக்கு அழைத்துச் செல்லப்படும் பெண்ணின் இரத்த வகையை அங்கே யார் பார்ப்பார்கள்? பிந்தைய குழந்தை வயிற்றிலேயே இறக்கும்போது "ராசி இல்லாதவள்" என்ற பழியும் அவள் மேல்தான்.

இதற்கெல்லாம் மருந்தியலில் இடமில்லை என்பார்கள். இருந்த காலம் உண்டு. 1928-இல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார். குன்னூரிலும், நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் சென்னை மருத்துவமனையிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறு இதைக் குணமாக்குகிறது என்று 1931-இல் எழுதினார். அதிலிருந்த பொருளே பின்னாளில் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. நாம் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் அது 500 மைக்ரோகிராம் இருக்கிறது. பாடம் அளவைச் சொல்கிறது. அவர் பெயரையும் கேட்ட முறையையும் விட்டுவிடுகிறது.

ஆய்வகத்தில் தம் விரலைக் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கும் என் மாணவிகளில் 11-ஐத் தாண்டாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஏன் மாத்திரை சாப்பிடவில்லை என்றால் "வயித்தைப் பெரட்டுது மேடம்" என்கிறார்கள். தனக்கு வரும்போது காரணமாகத் தெரிவது நோயாளிக்கு வரும்போது ஏன் அலட்சியமாகிறது என்று அவர்களிடம் கேட்கிறேன்.

"எடுக்கவில்லை" என்று எழுதுமுன் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். மாத்திரை சாப்பிட்டால் என்ன செய்கிறது? எந்த நேரம், எதோடு சாப்பிடுகிறீர்கள்? மாதவிடாய் எப்படிப் போகிறது? வேலை இடத்தில் கழிப்பறை உண்டா? பதிலை அவள் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுத வேண்டும். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாதவளுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று நேரத்தை மாற்றித் தரலாம். கழிப்பறை இல்லை என்ற பதில் பத்துக் குறிப்பேடுகளில் சேர்ந்தால், அதை மருத்துவ அலுவலரிடமும் ஊராட்சியிடமும் கொண்டுபோகலாம். செவிலியரின் பொறுப்பு என்ற தலைப்பின் கீழ் இவற்றையும் எழுதலாம். அங்கே இடம் இருக்கிறது.