ஏம்மா குடுத்துட்டாங்க?

சொல்லச் சங்கடமான எதையும் முப்பத்திரண்டு பக்கப் படப் புத்தகமாக்கிவிடும் சாமர்த்தியம் அமெரிக்கர்களுக்கு உண்டு. பாத்ரூம் போகப் பழகுவது, தம்பிப் பாப்பா பிறப்பது, தாத்தா செத்துப்போவது, அப்பாவும் அம்மாவும் டைவர்ஸ் செய்துகொள்வது என்று எல்லாவற்றுக்கும் கலர் கலராகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். ‘நீ என் வயிற்றில் பிறக்கவில்லை கண்ணா’ என்று சொல்வதற்கு மட்டும் ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள். அவற்றில் பேர் பெற்ற சிலவற்றை அடுத்தடுத்து வாசித்தேன். ஒவ்வொன்றும் பத்து நிமிஷ வேலை. யோசிக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

யோசித்தது இதைத்தான். இவை குழந்தைக்காக எழுதப்பட்டவையா, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டும் அம்மா அப்பாவுக்காக எழுதப்பட்டவையா?

இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் பாட்டி என்று 1939-ல் வந்த ‘தி சோஸன் பேபி’யைச் சொல்லலாம். எழுதியவர் வேலன்டீனா வாஸன். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குழந்தை வைத்தியம் பார்த்தவர். இதே அம்மாள்தான் பிற்பாடு கணவரோடு சேர்ந்து காளான்களைப் பற்றி ஆராய்ந்து, இரண்டு தடித்த வால்யூம்கள் எழுதினார் என்பது உபரித் தகவல். தத்து எடுத்ததை மூடி மறைப்பதே மரியாதை என்று பலர் நினைத்த காலத்தில், ‘குழந்தையிடம் சொல்லுங்கள், சந்தோஷமாகச் சொல்லுங்கள்’ என்றது அந்தப் புத்தகம். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கதை சிம்பிள். பிள்ளையில்லாத தம்பதி ஒரு நிறுவனத்துக்குப் போகிறார்கள், காத்திருக்கிறார்கள், ஒரு குழந்தையைப் பார்க்கிறார்கள், ‘இதுதான் எங்கள் குழந்தை’ என்று வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். ‘மற்றவர்களுக்குக் குழந்தை தானாக வரும். உன்னை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்’ என்று பல வருஷங்களுக்கு அமெரிக்கப் பெற்றோர்கள் சொல்லிவந்த சமாதானத்துக்கு இந்தப் புத்தகம் ஒரு முக்கிய காரணம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், குழந்தைகள் லாஜிக்கில் கெட்டிக்காரர்கள். கடையில் தேர்ந்தெடுத்த சட்டையை, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியமான சங்கதி, ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இன்னொருவர் முதலில் கொடுத்திருக்க வேண்டும். அந்த இன்னொருவருக்குக் கதையில் வேலையே இல்லை. ‘அவங்க என்னை ஏம்மா குடுத்துட்டாங்க?’ என்ற ஒரே கேள்வியில் இந்தக் கதை குப்புற விழுந்துவிடும்.

அடுத்து மிருகங்கள். மனிதர்களை வைத்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு கரடியைக் கூப்பிடுவது இந்த ஏரியாவில் வழக்கம். கெய்கோ கஸ்ஸாவின் ‘எ மதர் ஃபார் சோக்கோ’ (1992) அதில் நல்ல உதாரணம். சோக்கோ ஒரு மஞ்சள் குருவி. உப்பிய கன்னம், கோடு போட்ட கால். தனக்கு ஓர் அம்மா வேண்டும் என்று தேடிக் கிளம்புகிறது. ஒட்டகச்சிவிங்கி மஞ்சள்தான், ஆனால் இறக்கை இல்லை. பென்குவினுக்கு இறக்கை மாதிரி ஏதோ இருக்கிறது, கன்னம் இல்லை. வால்ரஸுக்குக் கன்னம் இருக்கிறது, கோடு போட்ட கால் இல்லை. கடைசியில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருக்கும் கரடியம்மா. எந்த ஜாடையும் ஒத்துப்போகவில்லை. ஆனால், கட்டிக்கொள்கிறாள், பாடுகிறாள், ஆடுகிறாள். வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே ஏற்கெனவே ஒரு முதலைக்குட்டி, ஒரு நீர்யானைக்குட்டி, ஒரு பன்றிக்குட்டி.

மூன்று வயதுக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடைப்பது கஷ்டம். ‘ஜாடை எங்கே?’ என்று குழந்தையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் உறவுக்கார மாமிகளுக்கும் வாசித்துக் காட்டலாம். இங்கே தேடிப் போவது குழந்தை. ‘சோஸன் பேபி’யை அப்படியே தலைகீழாக்கி, அம்மாவைக் குழந்தை கண்டுபிடிக்கிறது. ஆனால், சோக்கோ அதற்கு முன்னால் எங்கே இருந்தது, முட்டையை இட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வயதில் கேட்கத் தோன்றாது. ஏழு வயதில்?

இங்கே கொஞ்சம் சைக்காலஜி. டேவிட் பிராட்ஸின்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் எண்பதுகளில் தத்துக் குழந்தைகளிடமும் மற்ற குழந்தைகளிடமும் பேசிப் பார்த்தார். நாலைந்து வயதில் ‘நான் தத்துப்பிள்ளை’ என்று குழந்தை உற்சாகமாகச் சொல்லும். சொல்கிறதே தவிர, அர்த்தம் பிடிபடுவதில்லை. வயிற்றில் பிறந்து ஒரு குடும்பத்துக்கு வருவதும் தத்து வருவதும் வேறு வேறு வழிகள் என்பது ஆறு வயதுவாக்கில்தான் புரிய ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம்தான் துக்கம். எனக்கு ஒரு வீடு கிடைத்தது என்ற கதைக்கு அடியில், நான் ஒரு வீட்டை இழந்தேன் என்ற கதை இருப்பது அப்போதுதான் தெரிகிறது. அம்மா அப்பா ‘எல்லாம் சொல்லியாச்சு’ என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில் குழந்தைக்குக் கேள்வியே தொடங்குகிறது.

ஆகவே, இந்தப் புத்தகங்களுக்கு நான் வைக்கும் பரீட்சை இதுதான்: மூன்று வயதில் வாங்கியதை ஏழு வயதில் எடுத்துப் படித்தால், அதில் பதில் இருக்கிறதா? பதில் வேண்டாம், கேள்வி கேட்க இடமாவது இருக்கிறதா?

இதில் ஓரளவு தேறுவது ‘டெல் மீ அகெய்ன் அபவுட் த நைட் ஐ வாஸ் பார்ன்’ (1996). எழுதியவர் ஜேமி லீ கர்ட்டிஸ். ‘ஹாலோவீன்’ பேய்ப்படத்தில் வீறிட்டாரே, அவரேதான். இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தவர். புத்தகம் முழுக்கச் சிறுமிதான் பேசுகிறாள். நடுராத்திரி போன் வந்ததைச் சொல்லு, தாத்தா பாட்டி போன் மணி கேட்காமல் தூங்கியதைச் சொல்லு, ப்ளேனில் என்னை அழைத்துவரப் பறந்து வந்ததைச் சொல்லு என்று நச்சரிக்கிறாள். கதை அவளுக்கு மனப்பாடம். இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். குழந்தைகளோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு நிஜம் என்று தெரியும். லாரா கார்னெலின் படங்களில் வீடு கலைந்து கிடக்கிறது. யாரும் அழகாக இல்லை. முதல் டயப்பர் மாற்றும் வைபவமும் உண்டு.

முக்கியமாக, பெற்ற தாய் இருக்கிறாள். உன்னை வளர்க்க முடியாத அளவுக்குச் சின்னப் பெண் என்று ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போகிறாள். ஒரு வாக்கியம்தான், ஆனால் அது ஒரு கதவு. ஏழு வயதில் குழந்தை அந்த இடத்தில் விரலை வைத்து, ‘எவ்ளோ சின்னப் பொண்ணு?’ என்று கேட்கலாம். என் குறை ஒன்றுதான். சிறுமிக்குக் கோபமே வருவதில்லை. பாட்டி தூங்கியதைத் திரும்பக் கேட்பவள், அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றி மட்டும் இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவில்லை.

கோபத்தை எழுதியவர் ஆலன் ஸே. ஜப்பானில் யோகோஹாமாவில் பிறந்து அமெரிக்காவில் ஓவியரானவர். ‘அலிஸன்’ (1997) என்ற புத்தகத்தில், கிமோனோ உடுத்திக் கண்ணாடி முன் நிற்கும் சிறுமி, தன் முகம் அம்மா அப்பா மாதிரி இல்லை, கையிலிருக்கும் ‘மெய் மெய்’ பொம்மை மாதிரி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறாள். விஷயம் தெரிந்ததும் அழுது சமாதானமாகிற டைப் இல்லை. அப்பா சின்ன வயதிலிருந்து வைத்திருந்த பேஸ்பால் கையுறையையும், அம்மா பத்திரப்படுத்திய பழைய பொம்மையையும் நாசமாக்குகிறாள். யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குத் தங்கள் பால்யம் பொருளாகக் கையில் இருக்கிறது. அவளுக்கு அது இல்லை. அதனால் அதைப் பார்த்து அழிக்கிறாள். இந்த உளவியலை யாரும் விளக்கவில்லை, படம்தான் காட்டுகிறது. நான் வாசித்தவற்றில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் போன இடம் இது.

முடிவில் மட்டும் சறுக்குகிறார். ஜன்னலுக்கு வெளியே திரியும் ஒரு பூனையை வீட்டில் சேர்த்துக்கொள்வதோடு எல்லாம் சரியாகிவிடுகிறது. பூனை பாவம், அவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்க முடியவில்லை. ‘மெய் மெய்’ என்பது சீனப் பெயர், கிமோனோ ஜப்பானிய உடை. இந்தக் குழப்பத்தை ஒரு குழந்தை பெரிதானபின் கேட்கத்தான் கேட்கும்.

சீனா என்றதும் ரோஸ் லூயிஸின் ‘ஐ லவ் யு லைக் க்ரேஸி கேக்ஸ்’ (2000). தனியாக வாழும் ஓர் அமெரிக்கப் பெண் சீனாவுக்குப் போய்ப் பெண் குழந்தையை அழைத்து வருகிறாள். ஜேன் டையரின் வாட்டர்கலர் படங்கள் வெண்ணெயாய் வழுக்குகின்றன. கடைசிப் பக்கங்களில் அவள் அழுகிறாள், குழந்தையை வைத்துக்கொள்ள முடியாமல் போன அந்தச் சீனத் தாய்க்காக. இந்த ஒரு கண்ணீருக்காகப் புத்தகத்தை மன்னிக்கலாம். மன்னிக்க என்ன இருக்கிறது என்றால், விடுதியில் ஏன் இத்தனை பெண் குழந்தைகள் என்று அது சொல்லவே இல்லை. 1980 முதல் 2015 வரை சீனாவில் அமலில் இருந்த ஒரு குழந்தைத் திட்டம் பற்றி மூச்சு விடவில்லை. மூன்று வயதுக்கு அரசியல் வேண்டாம்தான். ஆனால், 1992-லிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சீனக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். 2024 செப்டம்பரில் சீனா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அந்தப் படங்களில் தவழ்ந்த குழந்தைகளின் வயதுக்காரர்கள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். பலர் டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துத் தாயைத் தேடுகிறார்கள். வெண்ணெய்ப் படங்கள் அவர்களுக்குப் போதவில்லை.

பெரியவர்கள் இந்தப் புத்தகங்களுக்குப் பயந்ததும் உண்டு. சீனாவுக்குத் தத்தெடுக்கப் போகும் நான்கு குடும்பங்களின் கதை ‘த வொயிட் ஸ்வான் எக்ஸ்பிரஸ்’. இரண்டு ஆண் பென்குவின்கள் ஒரு முட்டையை அடைகாத்து வளர்த்த உண்மைக் கதை ‘அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ’ (2005). முதலாவதில் இரண்டு பெண்கள் ஜோடியாக வருகிறார்கள். 2014-ல் சிங்கப்பூர் தேசிய நூலகம் இவற்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கூழாக்குவதாக இருந்தது. கண்டனம் கிளம்பியதும், பெரியவர்கள் பகுதிக்கு மாற்றினார்கள். குழந்தைப் புத்தகத்தைப் பெரியவர்கள் மட்டும் படிக்கலாம்! ஒரு குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்று சர்ச்சை செய்தவர்கள், குழந்தை எங்கிருந்து வந்தது என்று அப்போதும் கேட்கவில்லை.

நம் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். பெற்ற தாயின் குரல் தமிழில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் தேவகியாக நின்று புலம்பியிருக்கிறார். தாலாட்டவும் கொஞ்சவும் வாய்க்காமல் எல்லாம் யசோதைக்குப் போயிற்றே என்ற அந்தத் தவிப்பை மேற்சொன்ன எந்தப் புத்தகமும் தொடவில்லை. தேவகியையும் யசோதையையும் ஒரே கதையில் வைத்துப் பார்க்க நமக்குத் தெரியும். வீட்டில் மட்டும் தேவகியின் பேச்சை எடுப்பதில்லை.

எடுத்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். 2005-ல் சென்னையில், கடத்தப்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது போலீஸ் வழக்கானது. 2025-ல் தென் கொரியாவின் உண்மை ஆணையம், வெளிநாட்டுக்குத் தத்துப் போன குழந்தைகளின் ஆவணங்களில் பொய்கள் புகுத்தப்பட்டதை ஒப்புக்கொண்டது. ‘உன் அம்மா உன்மேல் உள்ள அன்பால்தான் கொடுத்தாள்’ என்று வாசித்துக் காட்டும்போது, அது நமக்குத் தெரிந்ததா, நமக்கு வசதியானதா என்று ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. அந்தத் தொட்டில்களில் யாருக்கும் தெரியாமல் விடப்பட்ட குழந்தைகளின் தாய் யார், ஏன் விட்டாள் என்று எந்த ஃபைலிலும் இருக்காது. அங்கே ‘எனக்குத் தெரியலடா செல்லம். எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைதான்’ என்பதுதான் நேர்மையான வாக்கியம். அதை ஒரு படப் புத்தகத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

தத்துப் புத்தகம் வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே நின்று புரட்டிப் பார்க்க மூன்று விஷயங்கள்:

1. கதை அம்மா அப்பாவுக்கு போன் வந்த தினத்தில் ஆரம்பிக்கிறதா, அதற்கு முன்பே ஆரம்பிக்கிறதா? குழந்தையின் வாழ்க்கை முன்பே ஆரம்பித்துவிட்டது.

2. பெற்றவள் ஒரு வரியிலாவது இருக்கிறாளா?

3. குழந்தைக்கு ஒரு பக்கமாவது கோபப்பட அனுமதி இருக்கிறதா?

மூன்றும் சேர்ந்த புத்தகம் எனக்கு அகப்படவில்லை. சோக்கோவை மூன்று வயதிலும், கர்ட்டிஸை ஐந்து வயதிலும், அலிஸனை ஏழு வயதிலும் வாசித்துக் காட்டலாம். அலிஸனில் பூனை வரும் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, குழந்தை என்ன கேட்கிறது என்று காத்திருங்கள்.