எல்லைப்புற மொழிநிலையும் இராஜாஜியின் உரைநடையும்

இராஜாஜியின் தமிழ்ப்பணியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரு திறத்தார். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் என்பதை முன்வைத்து அவரை இகழ்வோர் ஒரு சாரார். 1965-இல் இந்தி ஒன்றே ஆட்சிமொழியாதலை எதிர்த்தவர் எனப் போற்றுவோர் மற்றொரு சாரார். இவ்விரு நிலைகளும் தம்முள் முரண்பட்டவை என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுவர். அம்முரண் தோற்றமேயன்றி உண்மையன்று என்பது எம் கருத்து.

இராஜாஜி 1878-இல் ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்து, ஓசூரிலும் பின்னர்ப் பெங்களூரிலும் பயின்றவர். அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதி, 1965-இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004-இல் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் அமைந்தது. தளி, பாகலூர், கெலமங்கலம் முதலிய ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் கலந்து வழங்குகின்றன. ஓசூர் என்னும் பெயரே கன்னடமாகும். பழங்கன்னடப் ‘பொச’ என்பது பகரம் ஹகரமாகத் திரிய ‘ஹொச’ என்றாயிற்று. நம் புத்தூருக்கு அது நேர். (மூலத்திலுள்ளது குறிலாதலின் ‘ஒசூர்’ என்பதே பொருந்தும், எனினும் நெடிலிட்டு எழுதும் வழக்கு வேரூன்றிவிட்டது.) வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியும் பேசும் மக்களிடையே வளர்ந்தவர்க்கு, மொழி முதற்கண் வழங்குகருவியாகத் தோன்றுதல் இயல்பே.

அவர்தம் உரைநடை இதற்குச் சான்று. 1916-இல் சேலத்தில் தமிழ்க் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் நிறுவியதும், வேதியியலைத் ‘திண்ணை ரசாயனம்’ எனத் திண்ணைக்குக் கொணர்ந்ததும் இந்நோக்கினவே. சாகித்திய அகாதெமி 1958-இல் பரிசளித்த ‘சக்கரவர்த்தித் திருமகன்’ வான்மீகத்தைச் சிறு சிறு தொடர்களில், அணி தவிர்த்து, எவர்க்கும் விளங்குமாறு கூறுகின்றது. எவ்வூராரும் தடையின்றிப் படிக்கும் நடை அது. ஆயின் எவ்வூர்க்கும் உரியதன்று. தொரப்பள்ளியின் பேச்சு அதன்கண் ஓரிடத்தும் ஒலிப்பதாகத் தெரியவில்லை. தெலுங்கு பேசிய குடிகளின் இடப்பெயர்ச்சியைக் கரிசல் மண்ணின் தமிழிலேயே கூறிய கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. முன்னவர்க்கு நாடு என்பது வேறுபாடுகளை நீக்கியபின் எஞ்சும் பொதுமை. பின்னவர்க்கு அவ்வேறுபாடுகளே நாடு. இடைப்பட்ட காலத்தில் நாட்டுணர்வு எய்திய மாற்றத்தை வரலாற்று நூல்களினும் இவ்விரு நடைகளே தெளிவாகக் காட்டும்.

கருவி ஒன்று மிகுவதால் தீங்கில்லை என்று கருதியமையாலேயே 1938-இல் இராஜாஜி இந்தியைப் புகுத்தினார். மொழி தன்மானத்தின் நிலைக்களனாகவும் இருத்தல்கூடும் என்பதை அந்நோக்கு காணவில்லை. நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைப்பட்ட நிலையில் உயிர் துறந்தபின்னும் ஆணை நீடித்தது. ஆளுநர் ஆட்சியில், 1940-இல்தான் அது நீங்கிற்று. இக்குறையை அவர்தம் உரைநடையின் தெளிவு கொண்டு மறைத்தல் திறனாய்வாகாது. எனினும் 1965-இல் அவர் வாதித்ததும் அதே அடிப்படையில்தான். ஒரு பகுதியினர்க்குத் தாய்மொழியாகவும் பிறர்க்குக் கற்கும் மொழியாகவும் உள்ள ஒன்று, பதவிக்கும் தேர்வுக்கும் உரியதாகுமிடத்துக் கருவி என்னும் நிலை கடந்து உரிமை வேறுபாடாகின்றது. விடுதலை வேண்டிநின்ற நாடு பதவிகளைப் பகிர்ந்தளிக்கும் அரசாக மாறியிருந்தது. இராஜாஜியின் அளவுகோல் மாறவில்லை.

இவ்வளவுகோலுக்கு இன்று கடுஞ்சோதனை நேர்ந்திருப்பதும் ஓசூர்ப் பகுதியிலேயாம். 1970-களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டை, வண்டித் தொழிற்சாலைகளையும் கைக்கடிகாரத் தொழிற்சாலையையும் கொணர்ந்தது. பல மாநிலத் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். 2006-இல் இயற்றப்பெற்ற தமிழ் கற்றற் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிற்று. தெலுங்கு, கன்னடம், உருது பயிலும் சிறுபான்மை மாணவர் சார்பில் வழக்குகள் எழுந்தன. பத்தாம் வகுப்புத் தேர்வில் சில ஆண்டுகளுக்கு விலக்குக் கிட்டியது. 2023-இல் உச்சநீதிமன்றம் அதனை நீட்டித்தது. மாநில மொழியைக் கற்பித்தலும் 1938-இன் ஆணையும் ஒன்றல்ல. அண்டை வீட்டார் மொழியறிதல் வாழ்வுக்கு இன்றியமையாதது. ஆயினும் தாளமுத்துவை நினைவுகூரும் தமிழறிஞர், கெலமங்கலத்துத் தெலுங்குச் சிறுவன் தேர்வுத்தாளின் முன் என்ன உணர்வான் என்பதையும் அதே கண்கொண்டு நோக்கக் கடமைப்பட்டவர். ‘சக்கரவர்த்தித் திருமக’னின் தெளிந்த தமிழ் அச்சிறுவனுக்கு எளிதிற் கைவரும், அவன் வீட்டுப் பேச்சுக்கு அதில் இடமில்லை.